தெரு கூட்டுகிறவன்: பர்மிங்காமிலிருந்து ஓர் இரைச்சல்



படிப்பு வட்டங்களில் எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. 'களத்துக்குப் போகிறீர்கள், மனு எழுதுகிறீர்கள், பறை அடித்தால் முதல் ஆளாக ஆடுகிறீர்கள். வண்டியில் திரும்பி வரும்போது மட்டும் ஹெட்போனில் எதற்கு இந்த வெள்ளைக்காரன் இரைச்சல்?' கேட்பவர்கள் கிண்டலாகக் கேட்பதில்லை. பாட்டு என்றால் கருத்து இருக்க வேண்டும், அந்தக் கருத்து நாலு பேருக்குப் புரிய வேண்டும் என்பது நம் இயக்க மரபு. நாங்களும் அதில் வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் பல வருடங்களாக நாங்கள் விடாமல் கேட்டு வரும் ஆல்பம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரி தெளிவாகக் காதில் விழுவதே அபூர்வம். அது ஏன் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று இங்கே எழுதிவிடுகிறோம்.

ஆல்பத்தின் பெயர் 'ஸ்ட்ரீட்கிளீனர்'. தெரு கூட்டுகிறவன். 1989 நவம்பரில் வந்தது. குழுவின் பெயர் காட்ஃப்ளெஷ். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பையன்கள். ஜஸ்டின் பிராட்ரிக் கிட்டார் வாசித்துப் பாடுகிறார். ஜி.சி. கிரீன் பேஸ் கிட்டார். சில பாடல்களில் பால் நெவில் இன்னொரு கிட்டார். ஆல்பம் வெளிவந்தபோது பிராட்ரிக்குக்கு வயது 20. உங்களில் பலருடைய வயது. வெளியிட்டது நாட்டிங்காமில் இருந்த இயர்ஏக் என்ற சிறு நிறுவனம். பெயருக்குக் காதுவலி என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்.

இந்த வகை இசையை இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்கிறார்கள். ஆலைச் சத்தமும் இயந்திரத் தாளமும் கனத்த மெட்டல் கிட்டாரும் ஒன்றாகக் கலந்தது. ராம்ஸ்டைனையோ நைன் இன்ச் நெய்ல்ஸையோ நீங்கள் கேட்டிருக்கலாம். அவை மெருகு ஏற்றிய பண்டங்கள். 'ஸ்ட்ரீட்கிளீனர்' உலையிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்ட இரும்புக் கட்டி போல இருக்கும்.

முதலில் அதன் ஓசையைச் சொல்கிறோம். இந்தக் குழுவில் டிரம்மர் கிடையாது. அலீசிஸ் ஹெச்ஆர்-16 என்ற டிரம் மெஷின்தான் தாளம். தடித்த புத்தகம் அளவுள்ள ஒரு பெட்டி. பொத்தான்களை அழுத்தித் தாளத்தை அதில் ஏற்றி வைத்தால் நிறுத்தும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். பிராட்ரிக்குக்கு டிரம்ஸ் தெரியாது என்பதில்லை. இதற்கு முன் ஹெட் ஆஃப் டேவிட் என்ற குழுவில் அவர் டிரம்மராகவே இருந்தவர். தெரிந்தே இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். மனிதர் வாசித்தால் கை சோரும், உற்சாகம் வந்தால் வேகம் கூடும், சக கலைஞர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். இயந்திரம் அப்படி எதுவும் செய்யாது. பாடுகிறவர் மூச்சு வாங்கினாலும் அடுத்த அடி அதே நேரத்தில் அதே கனத்தில் விழும். ஆலையில் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நம் உடம்புதான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

அடுத்தது பேஸ். சாதாரணமாக ஒரு பாட்டில் பேஸ் கிட்டார் அடியில் கிடக்கும்; இருக்கும்போது தெரியாது, எடுத்துவிட்டால்தான் தெரியும். இங்கே அது முன்னால் வந்து நிற்கிறது. கிரீனின் பேஸ் தகரத்தைத் தரையில் இழுப்பது போல உறுமிக்கொண்டே பாட்டின் மொத்த எலும்பையும் தாங்குகிறது. அதனால் கிட்டாருக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது. பிராட்ரிக்கின் கிட்டார் பல இடங்களில் மெட்டு வாசிப்பதில்லை. கிட்டாரை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் ஒரு ஊளை கிளம்புமே, அந்த ஊளை, பிரேக் பிடித்த ரயில் சக்கரத்தின் கிறீச்சல், அறுக்கப்படும் தகட்டின் சத்தம் இவைதான் அதிலிருந்து வருகின்றன. குரல் இதற்கெல்லாம் மேலே ஏறி நிற்பதில்லை. குழிக்குள்ளிருந்து கூப்பிடுவது போல, எதிரொலியோடு, பாதி உறுமலாக, பாதி முனகலாக வருகிறது. பாடல் வரிகளும் மிகக் குறைவு. நான்கைந்து சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்க்கிறார்.

எல்லாமே மெதுவாக நடக்கிறது. இதைக் கவனிக்க வேண்டும். இதே பிராட்ரிக் பதின்ம வயதில் நேபாம் டெத் குழுவில் கிட்டார் வாசித்தவர். 1987இல் வந்த அவர்களுடைய 'ஸ்கம்' ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அவர் கிட்டார். உலகத்திலேயே மிகச் சிறிய பாடல் என்று கின்னஸ் பதிவில் ஏறிய, ஒன்றேகால் நொடி சொச்சம் ஓடும் பாட்டு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதிவேகத்தின் எல்லை அது. அங்கிருந்து வெளியே வந்த பையன் இரண்டே வருடத்தில் வேகத்தை முழுவதுமாக இறக்கிவிட்டார். வேகமாகக் கத்தினால் கோபம் ஒரு நொடியில் வெளியே போய்விடும். மெதுவாக, ஒரே இடத்தில், ஒரே அடியைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கேட்கிறவர் உடம்பில் அது எடையாக இறங்கும். 'ஸ்ட்ரீட்கிளீனர்' அந்த எடைக்காகச் செய்யப்பட்ட ஆல்பம்.

இந்த எடை எங்கிருந்து வந்தது? பர்மிங்காமிலிருந்து என்பது சுருக்கமான பதில். மெட்டல் இசை பிறந்த ஊரே அதுதான். 1965இல் அந்த ஊரில் 17 வயதுப் பையன் ஒருவன் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டுவிட்டு இசைக்குப் போகிறேன் என்று சொல்லி, கடைசி நாள் வேலைக்குப் போனவன். அன்றைக்கு இயந்திரம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டது. இடது கைப் பழக்கக்காரன் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். அவன் பெயர் டோனி அயோமி. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினான். பிறகு தந்தியைத் தளர்த்திக் கட்டினான்; அழுத்த வலி குறைவு, ஓசையும் தாழ்ந்து கனத்தது. அவனும் அதே ஆஸ்டன் பகுதித் தோழர்கள் மூன்று பேரும் சேர்ந்த குழுதான் பிளாக் சபாத். மெட்டலின் அந்தக் கனத்த ஒலிக்குப் பின்னால் ஒரு ஆலை விபத்து இருக்கிறது.

இந்தக் கதையில் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் உண்டு. விரல் போன பிறகு இனி வாசிக்க முடியாது என்று கிடந்த அயோமிக்கு, ஆலையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அது ஜாங்கோ ரெயின்ஹார்ட் வாசித்தது. 1928இல் தங்கியிருந்த வண்டிவீடு தீப்பிடித்ததில் இடது கையில் இரண்டு விரல்கள் செயலிழந்து, மீதி விரல்களை வைத்தே உலகம் வியக்க வாசித்த கிட்டார் கலைஞர். அவர் ரோமா இனத்தவர். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், திருடர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட மக்கள், நாஜிகளின் முகாம்களில் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட மக்கள். மெட்டல் வெள்ளைக்காரர்களின் இசை என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அயோமி காலத்தில் ஆலை விரலை எடுத்தது. பிராட்ரிக் வளர்ந்த காலத்தில் ஆலையே போய்விட்டது. 1979இல் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். 1982 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. காரும் இயந்திரமும் இரும்பும் செய்து வாழ்ந்த பர்மிங்காம் பகுதிக்கு அடி பலம். நகரசபை கட்டிக் கொடுத்த கான்கிரீட் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அப்பாவை நசுக்கிய வேலை தங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தது. நசுக்கும் இயந்திரம் நின்றுபோன ஊரில் ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்து இயந்திரச் சத்தத்தைத் தானே செய்கிறான். இந்த முறை பொத்தான் அவன் கையில் இருக்கிறது. நாங்கள் இந்த ஆல்பத்தை அப்படித்தான் கேட்கிறோம்.

பர்மிங்காம் வெள்ளைத் தொழிலாளர்களின் ஊர் மட்டும் அல்ல. ஈனாக் பவல் வந்தேறிகளுக்கு எதிரான தன் பேர்பெற்ற வெறுப்புப் பேச்சை 1968 ஏப்ரலில் பேசியது அங்கேதான். அருகிலுள்ள ஸ்மெதிக்கில் வீடு வாடகைக்குக் கொடுப்பதில் நடந்த நிறவெறியைப் பார்க்க, 1965 பிப்ரவரியில், கொல்லப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, மால்கம் எக்ஸ் வந்தார். அவரை அழைத்தது இந்தியத் தொழிலாளர் சங்கம். அந்த வட்டாரத்தின் வார்ப்பாலைகளில், அதாவது ஃபவுண்டரிகளில், வெள்ளையர்கள் ஒதுக்கிய சூடான, அழுக்கான வேலைகளைச் செய்தவர்களில் பெரும் பகுதியினர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். அவர்களில் தலித்துகள் ஏராளம். அவர்கள் கடல் தாண்டியபோது சாதியும் கூடவே கப்பல் ஏறியது. கோயிலிலும் கல்யாணப் பேச்சிலும் அதே இழிவு தொடர்ந்ததால் ரவிதாஸ் பெயரில் தங்களுக்கென்று சபைகளைக் கட்டினார்கள். அம்பேத்கர் வழிப் பௌத்தச் சங்கங்களையும் அமைத்தார்கள். சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று பிரிட்டன் நாடாளுமன்றம் 2013இல் விதித்தது. அரசு இழுத்தடித்து, 2018இல் அப்படிச் செய்யப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. காட்ஃப்ளெஷ் பாட்டில் விழும் சம்மட்டி அடி, இந்தத் தலித் தொழிலாளர்களும் தினமும் கேட்ட அடிதான். அவர்களைப் பற்றி இந்த ஆல்பத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த ஒலியில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

தாளத்திலும் இப்படி ஒரு கடன் இருக்கிறது. ஆல்பத்தின் இரண்டாவது பாடல் 'கிறைஸ்ட்பெய்ட் ரைசிங்'. அதில் இயந்திரம் நேர்க்கோட்டில் அடிக்காமல் கொஞ்சம் நொண்டி நொண்டி, தலையை ஆட்ட வைக்கும்படி நடக்கும். நியூயார்க் ஹிப்-ஹாப் இரட்டையர் எரிக் பி., ராக்கிம் ஆகியோரின் 1988ஆம் ஆண்டுப் பாடல் 'மைக்ரோஃபோன் ஃபீண்ட்'டின் தாளத்தைத் தன்னிடம் இருந்த இயந்திரத்தில் செய்து பார்க்க முயன்றதன் விளைவு அது என்று பிராட்ரிக் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கறுப்பின இளைஞர்கள் மலிவான இயந்திரங்களை வைத்து உருவாக்கிய இசை, பர்மிங்காமுக்குப் போய் இரும்பாக மாறியிருக்கிறது. பேஸை முன்னால் நிறுத்துவதும் குரலை எதிரொலியில் கரைப்பதும் ஜமைக்கா டப் இசையில் ஊறிய பழக்கங்கள். ஹேண்ட்ஸ்வொர்த்தின் கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகள் ஸ்டீல் பல்ஸ் என்ற பெயரில் 1978இலேயே 'ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்' என்று ஆல்பம் போட்ட ஊர் அது. யாரிடம் கற்றேன் என்று சொல்வது நேர்மை. நம் பறையடியையும் கானாவையும் எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த நேர்மையின் மதிப்பு தெரியும்.

இனி எங்களுக்கு நெருடலாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறோம்.

தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தெரு கூட்டுகிறவன் என்று கேட்டவுடன் நமக்கு ஒரு முகம் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்குக் கையுறை இல்லாமல் குப்பை அள்ளும் அக்கா, அத்தை, சித்தப்பா. பிரிட்டனில் அந்த நாட்களில் அந்தச் சொல்லுக்கு வேறொரு நாற்றமும் இருந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப், தெருவைச் சுத்தம் செய்ததாகத்தான் தன் செயலுக்கு விளக்கம் சொன்னான். கொல்லப்பட்டவர்களில் பாலியல் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள். காவல்துறையும் பத்திரிகைகளும் அவர்களை ஒருவிதமாகவும், மற்றப் பெண்களை 'அப்பாவிகள்' என்று வேறுவிதமாகவும் பிரித்துப் பேசின. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அன்று பயன்படுத்திய மொழிக்காக மேற்கு யார்க்ஷயர் காவல்துறை 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. யாருடைய சாவு சாவாகக் கணக்கில் வரும் என்ற கேள்வி எங்கேயும் இருக்கிறது.

ஆல்பத்தின் முதல் பாடலின் தலைப்பு 'எலிகளைப் போல'. பெருகும் மனிதக் கூட்டத்தை எலிகளுக்கு ஒப்பிட்டுச் சீறும் பாட்டு. இதைக் கேட்டு நாங்கள் சும்மா தலையாட்டிவிட முடியாது. மனிதரை எலி என்று சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பது வரலாற்றில் இருக்கிறது. 1940இல் நாஜிகள் எடுத்த பிரச்சாரப் படம் யூதர்களை எலிகளாகக் காட்டியது. 1994இல் ருவாண்டா வானொலி துட்ஸிகளைக் கரப்பான் பூச்சிகள் என்றது. நம் ஊரில் தீட்டு என்ற ஒரே சொல்லில் இதெல்லாம் அடங்கிவிடும். ஒரு மனிதரை அழுக்கு என்று அறிவித்துவிட்டால் மீதி வேலை சுலபம். கொல்லுகிறவன் தன்னைச் சுத்தம் செய்கிறவன் என்று நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் ஊரைச் சுத்தம் செய்கிறவரோ அழுக்கு என்று ஒதுக்கப்படுவார்.

அப்படியென்றால் இந்த ஆல்பம் எந்தப் பக்கம் நிற்கிறது? எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. எங்களில் சிலர் இது மனித வெறுப்பு, அவ்வளவுதான் என்கிறார்கள். மற்றவர்கள் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள் என்கிறார்கள். வெறுப்பைப் பேசுகிறவன் எப்போதும் மேடையில் நின்று தெளிவாகப் பேசுவான். பவலின் பேச்சு தெளிவாக இருந்தது. இந்தக் குரலோ தாளத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. எலி என்று ஊர் தன்மேல் எறிந்த கல்லை எடுத்து, யார்மேல் எறிவது என்று தெரியாமல் எல்லார்மேலும், தன்மேலும் எறிகிறது. 'வாழ்க்கை சுலபம்' என்று ஒரு பாடலுக்குத் தலைப்பு வைத்துவிட்டு, மூச்சு முட்டும் ஓசையை அதற்குக் கொடுத்திருப்பதைக் கேட்டால் இரண்டாவது கருத்துக்கு வலு சேர்கிறது. அட்டைப்படம் கென் ரஸ்ஸலின் 1980ஆம் ஆண்டுப் படம் 'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்'ஸிலிருந்து எடுத்தது: நெருப்பு நிறத்துக்கு நடுவே சிலுவையில் அறையப்பட்ட உருவங்கள். அறைகிறவர்கள் படத்தில் இல்லை. இதனால் விவாதம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். நெருடலோடுதான் கேட்கிறோம். நம்மைத் தடவிக் கொடுக்கும் சினிமாப் பாடல்களில் எத்தனை சாதிப் பெருமை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தும் கேட்கிறோமே, அதைவிட இந்த நெருடல் பரவாயில்லை.

பிறகு ஏன் விடாமல் கேட்கிறோம்? எங்கள் வேலையிலிருந்தே சொல்கிறோம். உண்மை அறியும் குழுவாக ஒரு ஊருக்குப் போவோம். ஒரு அம்மா நடந்ததைச் சொல்வார். மூன்று முறை சொல்வார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துவார். எழுதிக்கொள்வோம். அங்கிருந்து ஒரு அலுவலகத்துக்குப் போவோம். அதிகாரி மதியம்வரை காக்க வைத்துவிட்டு, மனுவில் தேதி எழுதும் முறை சரியில்லை என்பார். திருத்தி எழுதுவோம். அடுத்த வாரம் வாருங்கள் என்பார். அடுத்த வாரம் அவர் விடுப்பில் இருப்பார். அடுத்த மாதம் வேறு ஊர், வேறு அம்மா, வேறு மேஜை, அதே பேச்சு. இதில் உச்சக்கட்டம் என்று ஒன்று கிடையாது. இயந்திரம் மாதிரி ஒரே அடி விழுந்துகொண்டே இருக்கும்.

அப்படிப்பட்ட நாளின் இரவில் நம்பிக்கை தரும் பாட்டு எங்களுக்குச் சரிப்படுவதில்லை. 'நாளை விடியும்' என்பதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அமைதி தரும் இசை இன்னும் மோசம். எதுவும் நடக்கவில்லை என்று பாவனை செய்வது போல இருக்கும். 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆறுதல் சொல்வதில்லை. பகலில் எங்கள் மேல் விழுந்தது கனமானது என்பதை மட்டும், அதே கனத்தில், ஓசையாகத் திருப்பிச் சொல்கிறது. 'பல்ப்' என்ற பாடலில் ஒரே தாளம் நிமிடக்கணக்கில் மாறாமல் ஓடும். முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு தோள் இறங்கும், பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தாடை தளரும். உண்மையைக் கேட்ட உடம்பு அப்படித்தான் தளர்கிறது. செயல்பாட்டாளர்கள் எப்போதும் எழுச்சியோடு இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல இளம் தோழர்களை உள்ளுக்குள் உடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். சோர்வைச் சோர்வு என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். எங்களுக்கு இந்த ஆல்பம் அப்படி ஓர் இடம்.

இதைப் பறையோடு ஒப்பிட்டு எங்கள் கூட்டத்திலேயே பேசியிருக்கிறோம். இரண்டையும் 'இசையா, வெறும் சத்தம்' என்று சொன்னவர்கள் உண்டு. பறையைச் சத்தம் என்று சொன்னதற்குப் பின்னால் இருப்பது சாதி. சாவுக்கு அடிக்க மட்டும் கூப்பிட்டு, சங்கீதம் என்று வரும்போது வாசலுக்கு வெளியே நிறுத்திய சாதி. காட்ஃப்ளெஷுக்கு அப்படி ஒரு இழிவு சுமத்தப்படவில்லை. ஆகவே இரண்டும் ஒன்று என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. இன்னொரு வேற்றுமையும் உண்டு. பறை தோல். அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும், ஈரக் காற்று பட்டால் தொய்ந்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். அது பக்கத்தில் நிற்பவரைக் காலெடுத்து வைக்கச் சொல்லும், கூட்டம் சேர்க்கும். டிரம் மெஷின் தொய்வதும் இல்லை, யாரையும் கூப்பிடுவதும் இல்லை. அதைத் தனியாக ஹெட்போனில் கேட்கலாம். பறையைத் தனியாக ஹெட்போனில் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

இந்த ஆல்பத்தின் குறையும் அங்கேதான் இருக்கிறது. அதில் 'நாம்' இல்லை. பத்துப் பாடல்களிலும் ஒரு தனி மனிதன் நசுங்குகிறான். பக்கத்து அறையிலும் ஒருவன் நசுங்குகிறான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. இதே இயந்திர ஓசையை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போனவர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள். தெற்கு லண்டனின் டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழு பழைய இரும்பையும் ஆலைக் கழிவுகளையும் தட்டி இசை செய்தது. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் போராட்டக்காரர்களுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். சவுத் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழுவோடு சேர்ந்து 'ஷோல்டர் டு ஷோல்டர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். தோளோடு தோள். அதைக் கேட்டால் இரும்பு அடிக்கும் சத்தத்துக்கு நடுவே பல ஆண்களின் குரல் ஒன்றாக எழும். வேலைநிறுத்தம் தோற்றது. அந்தக் குரல் பதிவில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்த இசைவகையில் அதிர்ச்சி கொடுப்பதற்காக நாஜி உடைகளையும் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு விளையாடிய குழுக்கள் உண்டு. ராம்ஸ்டைன் 1998இல் ஒரு பாடலின் காணொளிக்கு ஹிட்லர் அரசுக்காகப் படம் எடுத்த லேனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா' காட்சிகளைப் பயன்படுத்திக் கடும் கண்டனத்துக்கு ஆளானது. பிறகு 2001இல் தங்கள் இதயம் இடது பக்கம் துடிப்பதாக ஒரு பாட்டுப் போட்டு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஒரே தாளத்தில் ஆயிரம் கால்கள் விழும் ஓசைக்கு ஒரு போதை உண்டு. அது அணிவகுப்பின் போதை. அந்த ஓசை நம்மை யாருடைய பக்கத்தில் நிறுத்துகிறது என்று அவ்வப்போது ஹெட்போனைக் கழற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். காட்ஃப்ளெஷின் தாளம் அணிவகுக்க விடாது. அது அத்தனை மெதுவானது, அத்தனை நொண்டியானது. அதற்கேற்ப நடந்தால் விழுந்துவிடுவோம். அதுவும் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

காட்ஃப்ளெஷ் 2002இல் கலைந்து, 2010இல் மறுபடி சேர்ந்தது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழாவில் 'ஸ்ட்ரீட்கிளீனர்' முழுவதையும் மேடையில் வாசித்தார்கள். அந்தப் பதிவும் கிடைக்கிறது. நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர், நடுவில் அதே மாறாத இயந்திரத் தாளம். மனிதர்களுக்கு வயதாகியிருக்கிறது, தாளத்துக்கு ஆகவில்லை.

கேட்க விரும்பும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். 'கிறைஸ்ட்பெய்ட் ரைசிங்'கில் தொடங்குங்கள். தலை தானாக ஆடும். பிறகு 'பல்ப்'. இந்த இரண்டும் பிடித்தால் முதலிலிருந்து கடைசிப் பாடல் 'லோகஸ்ட் ஃபர்னஸ்' வரை ஒரே மூச்சில் கேளுங்கள். கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காணாமல் போய்விடும், ஹெட்போன் வேண்டும். சத்தத்தை ரொம்பவும் கூட்டாதீர்கள், நாளைக்குச் சாட்சி சொல்லும் ஒருவரின் மெல்லிய குரலைக் கேட்க அந்தக் காது தேவை. அடுத்து 'ஷோல்டர் டு ஷோல்டர்' கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இது ஒன்றும் கொள்கைப் பரீட்சை இல்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று அடுத்த படிப்பு வட்டத்தில் வந்து சொல்லுங்கள். எலி பற்றிய அந்த விவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. உங்கள் கருத்தும் வேண்டும்.

ஜெய் பீம்.